கடலைப் பார்த்து உட்கார்ந்த மதினி

எனக்கு இந்த வாழ்க்கையில் கிடைத்த இடங்கள் எல்லாம் உறவுமுறையில் வந்தவை. அத்தை மகன் என்பதால் கல்யாணம். மருமகள் என்பதால் தியாகராய நகர் ஜவுளிக்கடையில் ஒரு வேலை. குடும்பப் படம் எடுத்தால் எங்கே நிற்க வேண்டும், காரில் எந்த சீட்டில் உட்கார வேண்டும், எல்லாமே நான் யாருக்கு என்ன முறை என்று பார்த்து முடிவானவைதான். குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள், வயிறாரச் சாப்பாடு, என் கோபத்தைத் தாங்குகிற வீட்டுக்காரர். ஆனால், 'நீ இதில் கெட்டிக்காரி, அதனால் இது உனக்கு' என்று யாரும் ஒன்றையும் என் கையில் கொடுத்ததில்லை. முப்பத்தெட்டாவது வயதில் அப்படி ஒன்று கிடைக்கும் போல இருந்தது. அதுவும் பந்து விளையாட்டில். சிரிக்காதீர்கள்.

எல்லாம் மதினியால் வந்தது. மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எங்கள் ஆட்கள் தெற்கிலிருந்து கடை போட வந்தவர்கள். பெண் பிள்ளைகளை பி.காம். படிக்க வைத்துக் கணக்கு பார்க்க உட்கார வைப்பார்கள். மதினி மட்டும் அடம்பிடித்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர். ஒருமுறை டீச்சர்களுக்கான ஏதோ பயிற்சி முகாமுக்குப் போனவர், திரும்பி வரும்போது பையில் ஒரு விசித்திரமான பந்தைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் கூராக, பெரிய மாங்காய் போல இருந்தது. ஃபிளாக் ஃபுட்பால் என்றார். அமெரிக்காக்காரர்கள் தலையில் கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதி ஆடுகிறார்களே, அதன் சாதுவான தங்கச்சி.

ஆட்டம் எளிதுதான். பக்கத்துக்கு ஐந்து பேர். இடுப்பில் ஆளுக்கு இரண்டு துணிப்பட்டை தொங்கும். பந்து வைத்திருப்பவரின் பட்டையை எதிராளி உருவிவிட்டால் அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. இடிப்பதும் கிடையாது, தள்ளுவதும் கிடையாது. பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் புள்ளி. சென்டர் என்பவள் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுப்பாள். அதை வாங்குகிறவள்தான் குவார்ட்டர்பேக். நாங்கள் க்யூபி என்போம். யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்பவள் அவள், ஓடுகிறவர்களில் யாருக்குப் பந்தை எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் தீர்மானிப்பவளும் அவள். மற்ற நான்கு பேரும் அவள் கையைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். மருமகளாக வாழ்ந்த ஒருத்திக்கு அந்த வேலையைக் கேட்டதுமே நாக்கில் தண்ணீர் ஊறாதா?

மதினி ஆள் திரட்டினார். மயிலாப்பூரிலிருந்து ஒரு வீணை டீச்சர் வந்தார். "எங்காத்துல எல்லாரும் சிரிச்சுண்டே இருக்கா. சிரிக்கட்டும்னு ஷூவை மாட்டிண்டு வந்துட்டேன்" என்றார் முதல் நாளே. தேனாம்பேட்டையில் பிறந்து வளர்ந்த, பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண் ஒருத்தி வந்தாள். கால் தரையில் பாவாத ஓட்டம் அவளுக்கு. இன்னும் நாலைந்து பேர். பிறகு நான். அப்புறம் மதினியின் ஒரே மகள், அடையாறில் கல்லூரியில் படிப்பவள். என்னை அத்தை என்று கூப்பிடுபவள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அடையாறு பக்கத்துக் கடற்கரை மணலில் பயிற்சி.

எனக்கு எறிய வரும் என்பது எனக்கே தெரியாது. முதல் வாரம் மதினி பந்தைக் கையில் கொடுத்து, "அந்தப் பிள்ள ஓடுதால்ல, அவ கைக்குப் போடு" என்றார். போட்டேன். தேனாம்பேட்டைக்காரி ஓடிக்கொண்டே பிடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். "இன்னாக்கா இது! பந்து தானா வந்து கையில குந்திக்கினு கீது!" என்றாள்.

அது கடை கொடுத்த கை. எங்கள் கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் வாடிக்கையாளர்கள் உட்காருவார்கள். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் கூட்டம் நெரியும்போது மதினி பள்ளிக்கூடம் முடிந்ததும் வந்து, மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுவார். அவர் முகம் வாடிக்கையாளர் பக்கம், முதுகு அலமாரி பக்கம். அலமாரியில் நான். "கத்திரிப்பூ கலர்ல ஒண்ணு" என்பார், திரும்பாமலே. நான் ஸ்டூல் மேல் நின்றபடி மடித்த புடவையை வீசுவேன். அது மடிப்புக் கலையாமல் அவர் வலது முட்டிக்குப் பக்கத்தில் போய் விழ வேண்டும். தள்ளிப் போனால் வாடிக்கையாளர் மடியில் விழும், கிட்டே விழுந்தால் காபி டம்ளர் கவிழும். இத்தனை வருஷமாக ஒரு டம்ளர்கூட என்னால் கவிழ்ந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன்.

என் நாத்தனார் மகளுக்கோ எறிவதற்கு வேறு வகைக் கை. இளங்கை. நான் எறிகிற தூரத்தைவிட அவள் பந்து இன்னும் நாலு ஆள் தூரம் போகும். ஆனால் கொஞ்சம் அவசரக்காரி. ஆள் திரும்புவதற்கு முன் பந்து போய்விடும்; வீணை டீச்சரின் தோளில் பலமுறை அடி. அதனால் க்யூபி இடத்துக்கு நாங்கள் இரண்டே பேர்தான் போட்டி: கோச்சின் மகள் ஒருத்தி, கோச்சின் தம்பி பெண்டாட்டி ஒருத்தி. மற்றவர்கள் இதைப் பார்த்து வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று யாரோ மெல்லச் சொன்னதும் என் காதில் விழுந்தது. மதினி காதிலும் விழுந்திருக்கும். அவருக்குப் பாம்புச் செவி.

நகரத்துப் பெண்கள் அணிகளுக்கென்று ஒரு போட்டி நடக்கப் போவதாகச் செய்தி வந்தது. முதல் ஆட்டத்தில் க்யூபியாக யார் இறங்குவது என்று மதினி ஒரு வாரத்தில் சொல்வதாக இருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பில் போடுகிற மேஜையில் உட்கார்ந்துகொண்டு வருகிற வாடிக்கையாளர்களில் யாருக்கு எறியலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கடை சாத்தும்போது என் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். "அக்கா பாவம், தர்மசங்கடத்துல இருக்கா. நீயே விட்டுக் கொடுத்துடேன். சின்னப் பிள்ள ஆசைப்படுது. தாய்மாமன் வீட்டுச் சீர்னு நெனச்சுக்க."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "காது குத்துனப்போ தோடு போட்டோம். சடங்குக்குப் பட்டு எடுத்தோம். காலேஜ் சேர்ந்தப்போ வண்டி வாங்கிக் கொடுத்தோம். ஒண்ணுலயாவது கை சுருக்கினேனா? இப்ப இதையும் சீர்த்தட்டுல வைக்கணுமா? பூ, பழம், வெத்தலை பாக்கு, நடுவுல க்யூபியா?"

"அதுக்குச் சொல்லலடி..."

"வேற எதுக்குச் சொன்னீங்க? நல்லா எறியுறேனா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்? நான் ஒருநாளும் பாத்ததே இல்லயே" என்றார். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எழுந்திருப்பதே இட்லி வாசனைக்குத்தான். அந்த ஞாயிறு இட்லிப் பானையை நான் அடுப்பில் ஏற்றவில்லை.

அன்று பயிற்சி முடிந்து எல்லோரும் மணலில் உட்கார்ந்ததும் மதினி என் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. அவர் மகள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு நிமிர்ந்து, "சூப்பர் அத்தை" என்றாள். வீணை டீச்சர் கை தட்டினார். நான் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். என் சந்தோஷத்தை மறைக்க எனக்குத் தெரியவில்லை, மறைக்க விருப்பமும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவர் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று நாள் அப்படி மிதந்தேன். நாலாவது நாள் நாத்தனார் மகள் கடைக்கு வந்தாள். கல்லூரி விழாவுக்குப் புடவை வேண்டுமாம். கூட்டமில்லாத மத்தியான நேரம். நான் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன். அவள் எதையும் பார்க்கவில்லை.

"உனக்கு என் மேல வருத்தமாடி?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"உங்க மேல எதுக்கு அத்தை? அம்மா மேலதான். என்னைப் போட்டா, பெத்த பொண்ணுக்குக் கொடுத்துட்டான்னு எல்லாரும் பேசுவாங்களாம். உங்களைப் போட்டா ஒரு பேச்சும் வராதாம். அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தாங்க, நான் ரூம்ல இருந்து கேட்டேன்." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஒழுங்கா பாத்துட்டு வேணாம்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டேன் அத்தை. பாக்கவே இல்ல. அதான் ஒரு மாதிரி இருக்கு."

என்னையும்தானே பார்க்கவில்லை? மகள் என்பதால் அவள் கழிபட்டாள், மகள் இல்லை என்பதால் நான் தேறினேன். இதிலும் முறைதான். பத்துப் பேருக்குக் காபி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியது என் எறிக்கு இல்லை, தம்பி பெண்டாட்டி என்கிற பதவிக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கு அந்தப் புடவையைப் பில் போடாமலே பையில் திணித்து அனுப்பினேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கோபாலபுரத்துப் பள்ளிக்கூடத்தில் மதினி வேப்ப மரத்தடியில் நின்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு கலவரம்.

"என்ன பிள்ள, இந்த வெயில்ல? சாப்பிட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும் மதினி. என்னைப் போட்டது என் கைக்கா, ஊர் வாய்க்கா?"

மதினி விசிலை எடுத்து ஊதினார். பிள்ளைகள் கலைந்து தண்ணீர் குடிக்க ஓடினார்கள். "மொதல்ல நிழலுக்கு வா. எதுக்கு இப்படிக் குதிக்கே? உனக்குத்தான கொடுத்தேன்."

"அதான் கேக்குறேன், எதுக்குக் கொடுத்தீங்க?"

"ஏட்டி, நான் என்ன செய்ய? அவளைப் போட்டா மகள்னு சொல்லுவாவ. உன்னைப் போட்டா நீ இங்க வந்து நிக்க. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?" குரல் உயர்ந்தால் மதினிக்குத் தெற்கத்திப் பேச்சு தானாக வந்துவிடும். சென்னையில் பிறந்தவர்தான், ஆனாலும் கோபத்துக்கு அப்பா பாஷைதான். "ரெண்டு பேரையும் எனக்கு ஒழுங்கா பாக்க முடியலட்டி. அவ எறிஞ்சா எனக்கு அவ குழந்தைல தத்தித் தத்தி நடந்தது ஞாபகம் வருது. நீ எறிஞ்சா என் தம்பி மூஞ்சி ஞாபகம் வருது. நான் எங்கேன்னு பந்தைப் பாக்க?"

அதைக் கேட்டதும் என் கோபம் பாதி வடிந்தது. பாவம், அவரும் என்னதான் செய்வார்? அங்கேயே, அந்த வேப்ப மரத்தடியில், எனக்கு அந்த யோசனை வந்தது. "அப்ப பாக்காதீங்க" என்றேன். "ஞாயித்துக்கிழமை நீங்க கடலைப் பாத்து உக்காருங்க. நாங்க ரெண்டு பேரும் உங்க முதுகுக்குப் பின்னாடி எறியுறோம். யார் முதல்ல, யார் ரெண்டாவதுன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம். பந்து கையில விழுற சத்தத்தையும், பிடிக்கிறவ சொல்றதையும் மட்டும் கேளுங்க. கேட்டுட்டு ஒண்ணா ரெண்டான்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சது."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ தோத்துட்டேன்னா?"

"தோத்துட்டுப் போறேன். பாத்துத் தோக்கடிச்சாங்கன்னாவது இருக்கும்ல?"

சரி என்றார். பிறகு பள்ளிக்கூடத்துப் பையிலிருந்து ஒரு டப்பா எலுமிச்சை சாதத்தை எடுத்து என்னைச் சாப்பிட வைத்த பின்தான் விட்டார்.

அந்த ஞாயிறு எங்கள் அணியில் ஒருத்திகூட வராமல் இல்லை. வேடிக்கை என்றால் கேட்கவா வேண்டும்? மதினி அலை பக்கம் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீணை டீச்சர் எங்கள் இருவரையும் தள்ளி அழைத்துப் போய், யார் முதலில் என்று கண்ணாலேயே முடிவு செய்தார். நான்தான் ஒன்று. தேனாம்பேட்டைக்காரி ஓட வேண்டும், பிடிக்க வேண்டும், எப்படி வந்தது என்று கத்த வேண்டும். யாரும் பெயர் சொல்லக் கூடாது, அக்கா தங்கச்சி என்றுகூடச் சொல்லக் கூடாது. அவளுக்கு அதுதான் பெரிய சிரமமாக இருந்தது. 'க்கா' என்பது வாயில் வந்து வந்து முழுங்கினாள்.

கிட்டத்து எறிகள் எல்லாம் எனக்குப் பூப்போல அமைந்தன. "நெஞ்சுக்கு நேரா!" "கைக்கே வந்துச்சு!" என்று அவள் கத்தக் கத்த எனக்கு உடம்பு நிமிர்ந்தது. ஆனால் தூரத்துக்குப் போகும்போது கடல் காற்று பந்தைத் தட்டியது. ஒன்று முன்னாலேயே விழுந்தது. ஒன்றை அவள் திரும்பி ஓடி வந்து மணலோடு சேர்த்து அள்ளினாள். மதினி தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், அசையவில்லை.

அடுத்து அவர் மகள். முதல் எறியிலேயே வழக்கமான அவசரம், பந்து தப்பியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல், அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு மூச்சு விட்டு நிதானமானாள். ஆள் திரும்பும் வரை காத்திருந்தாள். பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. 'பட்', 'பட்' என்று தேனாம்பேட்டைக்காரியின் உள்ளங்கையில் விழுகிற சத்தம் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கடைசித் தூர எறியில் அவள் பிடித்துவிட்டு ஒன்றும் கத்தவே இல்லை, பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். மதினிக்கு அது தெரியாதே என்று பிறகுதான் உறைத்து, "சூப்பரு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஓர் அலை வந்து மதினியின் கால் வரை தொட்டுவிட்டுப் போனது. பிறகு திரும்பாமலே, "ரெண்டு" என்றார்.

அவர் மகள் வீறிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு வலித்தது; பொய் சொல்வானேன்? ஆனால் அதே மூச்சில் மனசு லேசாகவும் இருந்தது. தோற்றது நான், என் கை. யாருடைய பெண்டாட்டியும் இல்லை, யாருடைய மருமகளும் இல்லை. "வாடி இங்க" என்று அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். அவள் வேர்வையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் காபி வண்டியைப் பார்த்துப் போன பிறகும் மதினி அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பார்த்தால் முகமெல்லாம் கண்ணீர். அலைத்துளி என்று சொல்லக்கூட முடியாது, மூக்கும் சிவந்திருந்தது. ஜெயித்த பெண்ணின் அம்மா எதற்கு அழ வேண்டும் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று பளிச்சென்று உறைத்தது. அடக் கடவுளே! இந்த மனுஷி எத்தனை ஆடி, எத்தனை தீபாவளி, எனக்கு முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருந்தார்? தூர எறி எப்படியோ போகட்டும், கிட்டத்து எறி ஒன்று போதாதா? முதுகுக்குப் பின்னாலிருந்து நான் வீசுவதைக் காதால் கேட்டுக் கேட்டே பழகியவர். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தேர்வை வைத்திருக்கலாம், எங்கள் கடை மெத்தையில் உட்கார்ந்தவருக்கு வைக்கலாமா? அந்த அறிவு எனக்கும் இல்லை, என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் இல்லை.

"மதினி, சத்தியமா சொல்லுங்க. எது நான்னு தெரிஞ்சுதா?"

"மொத எறிலயே தெரிஞ்சுது."

"மதினி!"

"நீ பொருளைக் கைல இருந்து விடுறதுக்கு முன்ன ஒரு மூச்சு பிடிப்ப. அது எனக்குத் தெரியாதாக்கும்?"

"அப்ப இது என்ன தேர்வு! பூனை கண்ண மூடிக்கிட்ட கதையால்ல இருக்கு!" என் குரல் கேட்டு ரெண்டு காக்கை பறந்தன.

"கத்தாத. கேளு." மதினி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு உனக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. அதான் எனக்கு வாய் வந்துச்சு. இந்தப் பிள்ள பந்து போட ஆரம்பிச்ச நாள்ல இருந்து நல்லா போடுதா. ஒருநாளும் நான் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. சொன்னா மகள்னு சொல்லுதான்னு நெனப்பாவன்னு, மத்த எல்லாரையும் பாராட்டி, அவளை மட்டும் திட்டித் திட்டியே வச்சிருந்தேன். இன்னைக்குத்தான் எல்லார் முன்னாலயும் சொன்னேன். ரெண்டுன்னு சொன்னேன்ல, அது என்ன சொன்ன மாதிரின்னு உனக்குப் புரியுதா?"

ஆத்திரம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாய் பெற்ற பிள்ளையை மெச்சுவதற்கு வங்காள விரிகுடாவைப் பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது! மதினியும் சிரித்தார், அழுதுகொண்டே. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம். வீணை டீச்சர் தூரத்திலிருந்து, "என்னாச்சு, சமாதானம் ஆயிட்டேளா?" என்று கேட்டார்.

"உன்னை சென்டர்ல போடுதேன்" என்றார் மதினி எழுந்திருக்கும்போது.

"ஆறுதல் பரிசா?"

"ஏட்டி, போ" என்று தோளில் ஒன்று வைத்தார். ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. குனிந்து பந்தைக் கொடுக்கிற வேலைக்கு யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். தம்பி பெண்டாட்டி மனசு நோகக் கூடாது என்றுதானே என்னை நிறுத்தியிருக்கிறார்? அவர் மகள் கையைப் பற்றி எனக்கு இனிமேல் சந்தேகமில்லை, என் இடத்தைப் பற்றித்தான் திரும்பவும் சந்தேகம் வந்துவிட்டது. ரசத்துக்குத் தாளிக்கும்போதுகூட அதே யோசனை.

போட்டி நாளன்று என் வீட்டுக்காரரும் வந்தார், இட்லி தின்றுவிட்டுத்தான். புல் போட்ட நல்ல மைதானம். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஓர் ஆட்டம் ஜெயித்தோம், அடுத்ததில் தோற்றோம், பிறகு எல்லோருமாகப் போய் மசால் தோசை சாப்பிட்டோம். நான் சொல்ல வந்தது அதுவல்ல, முதல் ஆட்டத்தில் நடந்ததுதான்.

எதிரணி எல்லாம் இளசுகள். சென்டருக்கு முன்னால் வந்து நின்ற பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, பாத்து" என்றாள், அக்கறையாகத்தான். நாங்கள் வட்டமாகத் தலை சேர்த்துக் கூடினோம். நாத்தனார் மகள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. பந்து தேனாம்பேட்டைக்காரிக்குத்தான், அவள் வலது ஓரமாக ஓட வேண்டும், வீணை டீச்சர் இடது பக்கம் போய் ஆளை இழுக்க வேண்டும் என்றாள். எனக்கு, பந்தைக் கொடுத்துவிட்டு நாலடி முன்னால் போய் நில்லுங்கள் என்றாள். சென்டர் பந்தைக் கொடுத்த பிறகு ஓடலாம், வந்தால் பிடிக்கவும் செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எனக்கு யார் எறியப் போகிறார்கள்?

குனிந்து பந்தைக் கொடுத்தேன். சொன்னபடி முன்னால் ஓடினேன். தேனாம்பேட்டைக்காரி பின்னால் மூன்று பேர் பறந்தார்கள். எனக்கு எதிரே நின்ற பெண்ணும் என்னைத் தாண்டி அந்தப் பக்கமே ஓடினாள். சரி, நம் வேலை முடிந்தது என்று திரும்பிப் பார்த்தேன். பந்து என் மூஞ்சிக்கு நேராக வந்துகொண்டிருந்தது. ஐயையோ என்று கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்தேன். மதினி எங்கிருந்தோ, "ஓடுட்டி! ஓடு!" என்று அலறினார். ஓடினேன். பின்னால் கடை ஷட்டரைத் தடதடவென்று இறக்குகிற மாதிரி காலடிச் சத்தம் கேட்டது, ஒரு கை என் இடுப்புப் பட்டையைத் தடவியும் விட்டது. அதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டேன். தாண்டியது தெரியாமல் வேலி வரைக்கும் ஓடினேன்.

முதலில் வந்து சேர்ந்தது நாத்தனார் மகள்தான். எனக்கு மூச்சு இரைத்தது, பேச வரவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "எதுக்குடி எனக்கு எறிஞ்ச? அத்தைக்கு மனசு கஷ்டமா இருக்கும்னா?" என்று கேட்டேன்.

அவள் நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். "அதெல்லாம் யார் அத்தை யோசிச்சா? உங்களைச் சுத்தி ஆளே இல்ல. நீங்க பிடிச்சுருவீங்கன்னும் தெரியும். எறிஞ்சுட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மணல் விழுந்துவிட்டது என்று சமாளிக்கலாமென்றால் அங்கே மணலும் இல்லை, எல்லாம் புல்.